முப்பத்தாறு மெஷின் பூக்கள்

கைவேலைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் புத்திமதி கேட்பது ஆபத்து. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதனால் புத்திமதியை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு திருட்டு வேலையைப் பற்றி எழுதுகிறேன். ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி, இதழை எந்தப் பக்கத்திலிருந்து நிரப்புவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் யாரும் இல்லை. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நான் பல்லடத்துக்காரன். பதினெட்டு வயதில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவன், நாற்பத்து மூன்று வயதுவரை எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். பனியன் துணியில் எந்தத் தையலைச் சொன்னாலும் அடிப்பேன். அருள்புரத்தில் இருந்த எங்கள் கம்பெனியில் என் வேகத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் என் காதுக்கும் எட்டிவிட்டதுதான் கோளாறு. வேகமாகத் தைப்பவன் நல்ல டைலர், மெதுவாகத் தைப்பவன் சோம்பேறி, கையால் தைப்பவன் மெஷின் வாங்க வக்கில்லாதவன் என்று உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் இருக்கும். கரண்ட் போனால் யாரும் கவலைப்படாமல், வந்தால் ஆச்சரியப்பட்ட வருடங்கள் அவை. வெளிநாட்டிலிருந்து கைக்குழந்தைகளுக்கான கவுன் ஆர்டர் ஒன்று வந்தது. ஒவ்வொரு கவுனின் நெஞ்சிலும் ஐந்து இதழ் வைத்த ரோஸ் நிறப் பூ ஒன்று. அது கையால் போட்டதாக இருக்க வேண்டும். ‘கையால் செய்தது’ என்று கழுத்தில் சீட்டு வேறு தொங்கும். முதலாளி பின்பக்க ஹாலில் பாய் விரித்துப் பன்னிரண்டு பெண்களை உட்கார வைத்தார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண்மணி கிடைத்தார். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் பூவேலை கற்றவர். முப்பது வயதுகூட இருக்காது. கம்பெனியில் எல்லோரும் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள், நான் ஒருவனைத் தவிர. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரை டீச்சர் என்று கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மிணி என்றே சொல்லிவந்தேன்.

முதலாளி நாலு மெஷினோடு மாட்டுக் கொட்டகையில் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து நான் அவரோடு இருந்தவன். ஒருநாள் கூப்பிட்டார்.

“ஏப்பா, மெஷின்ல புலி நீ. இந்தக் கைவேலை என்ன பெரிய வித்தையா? ஒரு மாசம் அந்த அம்மிணிகிட்டக் கத்துக்க. ஆர்டர் போனதும் செக்சனுக்கு நீதான் இன்சார்ஜ்.”

“அந்த அம்மிணியே இருக்கறாங்களேங்க?”

“பையர் ஆளுக வந்தா நின்னு பேச ஒரு ஆம்பளை வேணுமில்லப்பா.”

ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் ஆம்பளைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது கழுத்து வலியும் முட்டி வலியும் ஒன்றாகத் தொடங்கியிருந்தன. இன்சார்ஜ் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கலாம். பிறகுதான் தெரிந்தது, டீச்சரை வேலைக்கு எடுத்தபோது இதே முதலாளி இதே வாயால், ‘ஆர்டர் நல்லபடியாப் போனா செக்சன் உங்களுக்குத்தான்’ என்று அவருக்கும் சொல்லியிருந்தார்.

அந்தச் செக்சன் அவருக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஆறு வயது மகளை ஊரில் டீச்சரின் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வரலாம். பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

“இது பகல் வெளிச்சத்துல செய்யுத வேலையாக்கும். டியூப் லைட்டுல செஞ்சா கண்ணும் போவும், பூவும் கோணும். செக்சன் மட்டும் என் கையில இருந்தா அஞ்சரைக்குப் பாயைச் சுருட்டிருவேன்” என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஐந்தரைக்குப் பாயைச் சுருட்டினால் மகளை இங்கே கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த இடத்தைப் பிடிக்கத்தான் நான் போனேன், அவரிடமே பாடம் கேட்டுக்கொண்டு.

முதல் நாள் எனக்குப் பாயில் உட்கார வராது என்று சொல்லி நாற்காலி கேட்டேன். கொடுத்தார். மெஷின்காரனுக்கு நூல் என்றால் சுற்றி வைத்த கோனிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஆள் உயரத்துக்கு நூலை உருவி ஊசியில் கோர்த்தேன். ஒவ்வொரு தடவை ஊசியை இழுக்கும்போதும் என் கை, பக்கத்தில் இருந்த மதுரைக்காரம்மாவின் மூக்கைத் தாண்டிப் போய்த் திரும்பியது. நாலாவது இழுப்பில் நூல் சிக்கி, ஒரு முடிச்சாகி, முடிச்சு ஒரு குருவிக்கூடாகிவிட்டது. டீச்சர் வந்தார். முழங்கை அளவுக்கு நூலை விட்டு மிச்சத்தை வெட்டினார்.

“இத்தனைதானுங்களா?” என்றேன்.

“இம்புட்டுதான் அண்ணாச்சி. தீந்தா மறுபடி கோத்துக்கிடலாம். நூலு எங்கயும் ஓடிப்போவாது.”

சற்று நேரத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். நூலைத்தான் சரிசெய்துவிட்டேனே, இன்னும் என்ன என்று எனக்குப் புரியவில்லை. மதுரைக்காரம்மாதான் சொன்னார்.

“அண்ணே, அங்கிட்டு மிதிகட்டை இல்ல. பாத்து மிதிங்க.”

குனிந்து பார்த்தேன். ஊசியைக் குத்தும் ஒவ்வொரு முறையும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நிறுத்து என்று காலுக்குச் சொன்னேன். கால் நின்றது, கையும் சேர்ந்து நின்றுவிட்டது. காலை மிதித்தால்தான் கை நகரும் என்ற நிலைமை. இருபத்தைந்து வருட வித்தை மூளையில் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், அது பாதத்தில் இருந்திருக்கிறது. டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் பாயைக் காட்டினார்.

“ரெண்டு காலையும் மடக்கி அதுக மேலயே உக்காருங்க. காலுக்கு வேலை இல்லன்னு தெரிஞ்சா கை தானா கத்துக்கிடும்.”

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நாள் முழுக்கக் கால் மரத்துப்போய், எழுந்திருக்கும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. மெஷினில் பழகிய கை தையலை இறுக்கி இழுக்கும். பனியன் துணியோ கொஞ்சம் இறுக்கினாலும் சுருங்கும். என் முதல் பூக்களெல்லாம் கொழுக்கட்டையாக வந்தன. “துணியக் கட்டிப்போடாதீங்க அண்ணாச்சி, அது எங்க போவப்போவுது?” என்று டீச்சர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தலையணை உறையில் பூப்போட்டுப் பழகினேன். ஒருநாள் என் மச்சான் திடீரென்று உள்ளே வந்துவிட்டான். ஆம்பளை பூப்போடுகிறான் என்று பல்லடம் முழுக்கச் சொல்லிவிடுவானே என்று உறையைச் சட்டெனத் தொடைக்கடியில் தள்ளி அதன் மேல் உட்கார்ந்தேன். ஊசியும் உறையோடுதான் இருந்தது. அன்றைக்கு அவனை நான் வரவேற்ற குரலைப் பற்றி இன்றும் கேட்பான்.

இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் ஒரு நாளைக்கு எட்டுப் பூ போட்டார்கள். நான் நாலைத் தாண்டவில்லை. கம்பெனியிலேயே வேகமான டைலர், பதின்மூன்று பேரில் பதின்மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். அந்த அவமானத்தில்தான் புத்தி குறுக்கே போனது.

எங்கள் பூவின் பின்னால் முடிச்சுகளும் நூல் முனைகளும் இருக்கும். குழந்தையின் தோலில் அவை உரசக்கூடாது என்பதற்காக, பூ முடிந்ததும் பின்பக்கம் பசை தடவிய மெல்லிய பனியன் துணி வட்டம் ஒன்றை வைத்து இஸ்திரி போடுவோம். சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வசதியை நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அவசரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் ஒருவரும் வரவில்லை. டீச்சர் மாதா கோயிலில் பூசை முடிந்து பதினோரு மணிக்குத்தான் வருவேன் என்றிருந்தார். எட்டரை மணிக்கு ஹாலில் நான் ஒருவன்தான். சாம்பிள் செக்சனில் ஜிக்ஜாக் மெஷின் ஒன்று கேட்பாரற்று இருந்தது. அதில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டால், துணியை நம் கையாலேயே நகர்த்தி இதழ் வரையலாம். கால் மிதிக்க மிதிக்க எனக்கு உயிர் திரும்பி வந்தது. டீச்சர் வருவதற்குள் முப்பத்தாறு பூ. நடுவில் வரும் முடிச்சை மட்டும் கையால் போட்டேன். மனசாட்சிக்கு அது போதும் என்று நினைத்தேன். பின்னால் வட்டத்தை ஒட்டி, முந்தைய நாள் பூக்களோடு கலந்து அடுக்கிவிட்டேன்.

அன்றைய கணக்கென்று மூன்றை மட்டும் மேலே வைத்திருந்தேன், டீச்சர் வந்து எண்ணிப் பார்த்தார். “இன்னைக்குக் கை நல்லா ஓடிருக்கே அண்ணாச்சி!” என்றார். தனியாக இருந்தால் கவனம் சிதறாது என்று ஏதோ சொன்னேன். அதற்குமேல் அங்கே இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, பல்லடத்தில் ஒரம்பரைச் சொந்தம் ஒருவர் வீட்டில் காதுகுத்து இருப்பதைச் சாக்காகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். அவர் தனியாக உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்த வாரமே எனக்குக் கைவேலை வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் தெரியாது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? இழுப்பு இளகியது, இதழ்கள் ஒன்றுபோல் அமைந்தன, நாளைக்கு எட்டைத் தொட்டேன். இனி அந்த முப்பத்தாறையும் தேடி எடுத்து மாற்றிவிடலாம் என்று நினைத்தபோது, எல்லாம் மடித்துப் பெட்டிகளுக்குள் போய்விட்டிருந்தன. ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கவுன்களில் அவை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. சரி, வெளிநாட்டுக் குழந்தை எதுவும் வட்டத்தைப் பிரித்துப் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் ஒருமுறை டீச்சர் என்னிடம் நேராகவே கேட்டார்.

“உங்களத்தான் இன்சார்ஜா போடுதாவளாமே, உள்ளதா அண்ணாச்சி?”

நான் ஊசியைப் பார்த்துக்கொண்டே, “முதலாளி என்னமோ சொல்றாருங்க” என்றேன்.

“சரி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். அஞ்சரைக்குப் பாயைச் சுருட்டணும்னு நீங்களாவது அவருகிட்டச் சொல்லுவியளா?”

“பாக்கலாமுங்க.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘பாக்கலாமுங்க’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நாகர்கோவில்காரருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கு என்று முதலாளியிடம் போய்ச் சொல்கிற அளவுக்கு வெட்கம் வரவில்லை.

பையர் சார்பில் சரக்கைப் பார்வையிடச் சென்னை பையிங் ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். கழுத்தில் கண்ணாடி தொங்கும், கையில் இன்னொரு பூதக்கண்ணாடி இருக்கும். காபி வேண்டாம், இளநீர் வேண்டாம் என்று சொல்லும்போதே முதலாளிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெட்டிகளைத் தோன்றிய இடத்தில் திறந்து, தோன்றிய கவுனை எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கவுனில் கை நின்றது.

“இது ஹேண்ட் எம்பிராய்டரி மாதிரி தெரியலையே. அஞ்சு இதழும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. மெஷின்தானே?”

“எல்லாமே கைதானுங்க மேடம்” என்றார் முதலாளி.

“அப்ப பின்னாடி ஒட்டியிருக்கறதை எடுங்க, பாத்துடலாம். ஒரு பீஸ் மெஷினா இருந்தாலும் மொத்தமும் ரிட்டர்ன்தான். ‘கையால் செய்தது’ன்னு சீட்டுப் போட்டிருக்கு, தெரியுமில்ல?”

ஒட்டிய வட்டத்தைப் பிரிக்க வேண்டுமானால் மறுபடி சூடு காட்ட வேண்டும். கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது, இஸ்திரிப் பெட்டி ஜில்லென்று கிடந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். அந்தச் சின்ன இடைவெளியில் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு டீச்சரைக் கைகாட்டினார்.

“பீஸ் எல்லாம் இந்த அம்மிணி பொறுப்புலதானுங்க மேடம் வந்துது. தப்பு ஏதாச்சும் இருந்தா அவிகளைத்தான் கேக்கோணும்.”

ஒரு இஸ்திரிப் பெட்டி சூடாக மூன்று நாலு நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு மனிதன் எவ்வளவு யோசிக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். முதலில் அந்தக் கவுனை உற்றுப் பார்த்தேன். என் கையா, என் மெஷினா? சத்தியமாகத் தெரியவில்லை. ஆயிரத்தில் முப்பத்தாறு என்றால் தப்பிக்க வாய்ப்பு அதிகம் என்று மனம் கணக்குப் போட்டது. பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். போட அங்கே அதிகம் முடி இல்லை என்பது முருகனுக்கும் தெரியும். அப்புறம்தான் இன்னொரு கணக்கு புரிந்தது. வட்டத்துக்குப் பின்னால் கைவேலை இருந்தால் சரக்கு போய்விடும், நான் இன்சார்ஜ். மெஷின் வேலை இருந்தால் டீச்சர் வெளியே, அப்போதும் நான்தான் இன்சார்ஜ். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. டீச்சரைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக அசைந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

இனி நான் செய்ததை வீரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மாதமாக ஒரு சுடுசொல் சொல்லாமல் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், நான் செய்த திருட்டுக்கு வேலையை இழந்து மகளில்லாத வீட்டுக்குத் திரும்பப்போகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“மேடம்” என்றேன். “அதுல முப்பத்தாறு பீஸ் நான் மெஷின்ல போட்டதுங்க. இந்த அம்மிணிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. இது அந்த முப்பத்தாறுல ஒண்ணா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க.”

 மேடம் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வட்டத்தின் மேல் வைத்தார், பிறகு நகத்தால் நெம்பி உரித்தார். மெஷின் தையலாக இருந்தால் அடியில் இரண்டாவது நூலான பாபின் நூல் வரிசையாக ஓடியிருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஒற்றை நூல், குறுக்கும் நெடுக்குமாகத் தாவி, ஒரு மூலையில் முடிச்சு. டீச்சர் குனிந்து பார்த்தார்.

“இது கையாக்கும் மேடம். அண்ணாச்சி கை. முடிச்சை இப்பிடி மூலையில கொண்டு ஒளிக்கது அவருதான்.”

நான் சொல்லாமல் இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முதலாளி என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

“ரெண்டு நிமிசம் வாயை மூடிட்டு இருந்திருந்தா காரியம் முடிஞ்சிருக்குமேப்பா! இப்பிடிக் கெடுத்துப்போட்டியே!”

எனக்கு அழுகையும் வந்தது, உள்ளுக்குள் ஒரு குஷியும் வந்தது. என் கைவேலையை மெஷின் என்று ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டாரே! அந்த நேரத்திலும் அப்படி ஒரு குஷி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேடம் மணியைப் பார்த்தார். “நீங்களா சொன்னதால ஒரு சான்ஸ் தரேன். அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள அந்த முப்பத்தாறையும் வெளியே எடுங்க. அப்புறம் நானே பத்து பீஸ் எடுத்துப் பிரிச்சுப் பாப்பேன். அதுல ஒண்ணு மெஷினா இருந்தாலும் அவ்வளவுதான்.”

ஆயிரம் கவுனின் வட்டங்களையும் பிரித்து ஒட்ட ஒரு வாரம் பிடிக்கும். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர் ஒரு கவுனை எடுத்து, பூவின் இரு பக்கமும் துணியைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினார்.

“பிரிக்க வேண்டாம். பனியன் துணி இழுத்தா நீளும். கைத்தையல் அதோட சேந்து போவும், சேந்து வரும். மிஷின் தையல் ரெண்டு நூலுல பூட்டிருக்கும், அது போவாது, மொறைக்கும். மெதுவா இழுத்துப் பாருங்க, விரலுக்கே தெரியும்.”

பன்னிரண்டு பெண்களும் டீச்சரும் நானும் பாயில் உட்கார்ந்து இழுத்தோம். இழுத்தவுடன் தெரிந்தது. நான் அன்று பெருமையாகப் போட்ட பூக்கள் கையில் கட்டையாக நின்றன. ஒவ்வொன்றாக நடுவில் விழுந்துகொண்டே வந்தது. முப்பத்து நாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. அப்பாடா என்று நான் முதுகை நிமிர்த்தும்போது மதுரைக்காரம்மா இன்னொன்றைப் போட்டார். பிறகு இன்னொன்று. கடைசிக் கவுனும் முடிந்தபோது நடுவில் நாற்பத்தொன்று கிடந்தன.

“முப்பத்தாறுன்னு சொன்னீங்க?” என்றார் மேடம்.

நான் போட்டது முப்பத்தாறுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் பாயில் இருக்கும் யாரோ ஒருவரும் அதே வேலையைச் செய்திருக்கிறார். பன்னிரண்டு தலைகளும் குனிந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் சொன்னார்.

“அண்ணாச்சி வேகத்துல எண்ணாம விட்டிருப்பாவ மேடம். நாப்பத்தொண்ணும் அவிய போட்டதுதான்.”

சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். பாயில் இருக்கும் யாரையோ காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஏற்கெனவே நனைந்தவன்தானே நான், முக்காடு எதற்கு?

“ஆமாங்க மேடம். எனக்குக் கணக்கு கொஞ்சம் வீக்குங்க” என்றேன்.

மேடம் பத்துக் கவுன்களை எடுத்துப் பிரித்தார். பத்தும் கைவேலை. கையெழுத்துப் போடும்போது, “இந்த செக்ஷனுக்கு யார் இன்சார்ஜ்?” என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் பதவி முடிந்தது. பிறகு டீச்சரைப் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

“இவிகதானுங்க மேடம்.”

டீச்சர் அந்த மூச்சிலேயே பிடித்துக்கொண்டார். “மேடம், வெளிச்சம் போன பொறவு போடுத பூதான் இப்பிடிச் சந்தேகத்துக்கு வருது. அஞ்சரைக்கு மேல கைவேலை செய்யக்கூடாதுன்னு எழுதிட்டுப் போங்க.” மேடம் எழுதிவிட்டுப் போனார். முதலாளி முகத்தைப் பார்க்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை. “உன்னை இன்சார்ஜாப் போட்டிருந்தா என்னையவே மெஷின்ல குடுத்துத் தைச்சிருப்பே” என்று மட்டும் சொன்னார்.

ஜூன் மாதம் டீச்சரின் மகள் வந்துசேர்ந்தாள். அருள்புரத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதற்குள் நான் டீக்கடை டீக்கடையாக என் நேர்மையைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தேன். எனக்கு வரவேண்டிய பதவியை உண்மைக்காக விட்டுக்கொடுத்தவன் என்று நானே நம்பவும் தொடங்கிவிட்டேன். டீச்சர் என்று கூப்பிடவும் பழகியிருந்தேன். ஒருநாள் ஐந்தரைக்குப் பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மற்ற பெண்கள் போகும்வரை காத்திருந்து அவர் சொன்னார்.

“ஒரு விசயம் அண்ணாச்சி. அந்த அஞ்சு பூ நானாக்கும் போட்டேன்.”

சுருட்டிய பாயை நான் கீழே போட்டுவிட்டேன்.

“நீங்க காதுகுத்துக்குப் போன பொறவு கத்தரி எடுக்க சாம்பிள் செக்சனுக்குப் போனேன். மிஷின்ல பாதத்தைக் கழத்தி வச்சிருக்கு, ஊசியில ரோஸ் நூலு. என்ன நடந்துதுன்னு வெளங்கிட்டு. மறுநாளு உங்ககிட்டச் சண்டை போடணும்னுதான் இருந்தேன். ஆனா எப்பிடித்தான் இருக்கும்னு ஒரு ஆசை. மொத ரெண்டு கோணிட்டு. பொறவு அஞ்சு நல்லா வந்துட்டு. தூரப் போட மனசு வரல்ல, சேத்து அடுக்கிட்டேன். இழுத்துப் பாத்தா தெரியும்னு எனக்கு எப்பிடித் தெரியும்னு நினைச்சிய? அன்னைக்கே இழுத்துப் பாத்தாச்சுல்லா.”

“அப்ப மேடம் முன்னால, பெட்டி சூடாகிட்டிருந்தப்ப...”

“சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க முந்திட்டிய.”

“அதுக்கு, உங்க அஞ்சையும் என் தலையிலயே கட்டிப்போட்டீங்களே டீச்சர்!”

“முப்பத்தாறு சொமக்குத தலைக்கு அஞ்சு ஒரு கனமா அண்ணாச்சி?”

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் கீழேதான் வேலை செய்தேன். அவரைவிட நல்ல மேலதிகாரி எனக்கு வாய்த்ததில்லை.

ஆனால் அந்த இரண்டு நாளும் நான் யோசித்தது ஐந்து பூவைப் பற்றி அல்ல. பெட்டி சூடாகிக்கொண்டிருந்தபோது நான் இன்னும் அரை நிமிடம் தாமதித்திருந்தால் அவர்தான் முதலில் பேசியிருப்பார். ‘நான் மெஷினில் போட்டிருக்கிறேன் மேடம்’ என்று அவர் சொல்லியிருந்தால் என் முப்பத்தாறையும் அந்தக் கணக்கிலேயே தள்ளிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். அடுத்த நாள் இன்சார்ஜ் ஆகியிருப்பேன். அவர் மகள் நாகர்கோவிலிலேயே வளர்ந்திருப்பாள். அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டேன் என்று உங்களிடம் எழுத எனக்கு ரொம்ப ஆசைதான். ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தப்புச் செய்தால் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். நல்லவர் என்று பெயர் வாங்குவதற்காக இல்லை. அடுத்தவர் முந்திவிட்டால் நாம் என்ன ஆவோம் என்பதை நாமே பார்க்க வேண்டியிருக்கும். நான் அரை நிமிடத்தில் தப்பித்தேன்.